பதினைந்தாவது மட்டை

ஓல்டன்
12 பெப்ரவரி 2014

அன்புள்ள கோபி அண்ணா,

நீங்கள் வட்ஸ்அப்பில் கட்டைவிரலை மட்டும் அனுப்புகிறீர்கள். "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டால் கட்டைவிரல். "அங்க குளிரோ?" கட்டைவிரல். "எப்ப வீட்ட வருவீங்கள்?" அதற்கும் கட்டைவிரல். ஆகவே கடிதம் எழுதுகிறேன். கடிதத்துக்குக் கட்டைவிரலால் பதில் போட முடியாது.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. நாங்கள் இருவரும் எப்போதும் சுவிஸ் ஜெர்மனில்தான் கதைப்போம். அது வாய்க்கு நல்லது, தாளில் வைத்தால் சிரிப்பாக இருக்கிறது. பள்ளிக்கூட ஜெர்மனில் எழுதிப் பார்த்தேன். காப்புறுதிக் கந்தோரிலிருந்து வந்த கடிதம் போல இருந்தது. கிழித்துவிட்டேன். நீங்கள் பிழை பிழையாக எழுதினாலும் பரவாயில்லை. தமிழ்ப் பள்ளிப் புனிதவதி ரீச்சர் மாதிரி நான் சிவப்புப் பேனை எடுக்க மாட்டேன்.

வீட்டில் சத்தம் இல்லை. ஒக்டோபரில் நீங்கள் கதவை அடித்துச் சாத்திய சத்தம்தான் கடைசிப் பெரிய சத்தம். அன்று அப்பா, "மற்றவன்ர பையைத் தூக்கவோ நான் உன்னை வளர்த்தனான்?" என்று கேட்டார். நீங்கள், "நீங்கள் மற்றவன்ர புல்லை வெட்டேல்லையோ?" என்று திருப்பிக் கேட்டீர்கள். அண்ணா, நீங்கள் தொழிற்பயிற்சியை முடிக்காமல் விட்டதை அப்பா மறந்துவிடுவார் என்று நினைக்கிறேன். புல்லைப் பற்றிக் கேட்டதைத்தான் மறக்கமாட்டார் போல.

அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் இப்போது பின்னேர வேலை. நான் பள்ளியால் வந்தால் அப்பாவும் நானும்தான். நேற்று அவர் கறியை என் பக்கம் தள்ளி, "உப்புக் காணுமோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். நேற்று முழுவதும் நாங்கள் கதைத்தது அவ்வளவுதான்.

புதுப் பள்ளியில் மத்தியானம் நூலகத்தில் சாப்பிடுகிறேன். சாப்பிடக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். நூலகப் பெண் என்னைக் கண்டும் காணாதது போல இருக்கிறார். அங்கேதான் நீங்கள் ரெட்டோவுக்குப் பை தூக்கப் போகிற கோல்ஃப் போட்டியைப் பற்றி வாசித்தேன். அதே வாரம் அமெரிக்காவில் ஒரு பெரிய போட்டியாம். உலகத்தின் முதல்தர ஆட்டக்காரர் எல்லோரும் அதற்குப் போய்விடுவார்களாம். அதற்கு அழைப்பு வராதவர்கள் கரீபியன் கடலில் உங்கள் தீவுக்கு வருவார்களாம். அழைக்கப்படாதவர்களுக்கென்று ஒரு போட்டி! எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. எங்கள் வகுப்பிலும் அப்படி ஒன்று வைத்தால் நான் போவேன்.

மார்ச் மூன்றாம் தேதி உங்கள் பிறந்தநாள் அல்லவா, அதனால் ஒரு பொதி அனுப்புகிறேன். அம்மா சுட்ட பருத்தித்துறை வடை இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. நிலவறையைத் துப்பரவாக்கும்போது உங்கள் குட்டி மட்டையைக் கண்டெடுத்தேன். உங்களுக்கு ஆறு வயதில் அப்பா செய்து தந்தது. அப்பா புல் வெட்டுகிற மைதானத்தில் யாரோ கோபத்தில் முறித்து எறிந்த கோல்ஃப் மட்டையை அறுத்துக் குறுக்கி, சைக்கிள் கைபிடி நாடாவைச் சுற்றி. அப்பா அதைப் பார்த்து, "அந்த விளையாட்டுச் சாமானை எறி" என்றார். எறிகிறேன் என்று நான் சொல்லவில்லை. எறிய மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

உங்கள் தங்கை
பவதாரணி


சான்ட் எலியா
4 மார்ச் 2014

பவா,

பொதி வந்திட்டுது. போட்டிக் கந்தோரில இருந்த மனிசி "இதுக்குள்ள என்ன, மீன் தூண்டிலோ?" எண்டு கேட்டா. வடை பாதி உடைஞ்சு போச்சு. உடைஞ்சதைத்தான் முதல் திண்டனான். முழுசு இன்னும் இருக்கு. ஒரு நாளைக்கு ஒண்டு எண்டு வைச்சிருக்கிறன்.

நீ கேட்ட மாதிரி எழுதிறன், கட்டைவிரல் இல்லை. தமிழ் எழுதி எத்தினை வருசம், கை நோகுது.

இஞ்ச வெயில். கடல் நீலம். படத்தில காட்டிற மாதிரியே இருக்கு, அதுதான் பிரச்சினை, படத்துக்குள்ள நிக்கிற மாதிரி ஒருத்தரோடயும் கதைக்க ஏலாமல் இருக்கு. ஆட்டக்காரருக்குக் கடற்கரை ஹொட்டேல். பை தூக்கிற எங்களுக்கு ரயர் கடைக்கு மேல ஒரு அறை. என்னோட இருக்கிறவர் ஸ்கொட்லாந்துக்காரர், வயசு போனவர், அவர் கதைக்கிற இங்கிலீஸ் எனக்கு விளங்காது, என்ர அவருக்கு விளங்காது. காலமையில ரெண்டு பேரும் தலையை ஆட்டுவம்.

பார்வையாளருக்கு எண்டு பெரிய இருக்கையள் கட்டி வைச்சிருக்கினம். ஆக்கள் இல்லை. ரெட்டோ நல்லா ஒரு அடி அடிச்சால் கை தட்டிறது ஒரு கிழவர். அவற்ர நாய் எழும்பிப் பாத்திட்டுத் திருப்பிப் படுக்கும். உடும்பு மாதிரி ஒரு சாமான் புல்லுக்குக் குறுக்கால போகும், அது போய் முடியுமட்டும் எல்லாரும் காத்துக்கொண்டு நிப்பம்.

என்ர வேலை என்ன எண்டு வட்ஸ்அப்பில கேட்டனி. புல்லைக் கொஞ்சம் பிச்சு எறிஞ்சு காத்து எந்தப் பக்கம் எண்டு பாக்கிறது. மட்டையளைத் துடைக்கிறது. எந்த மட்டை எண்டு சொல்லுறது. பந்து நல்ல இடத்தில விழுந்தால் ரெட்டோ கெட்டிக்காரன். தண்ணியில விழுந்தால் கோபிசன் மடையன்.

ஆனால் ஒண்டு கேள். அவன் இஞ்ச முதல் பத்துக்குள்ள வந்தால் அடுத்த போட்டிக்கும் இடம் கிடைக்கும். எனக்கு வருசம் முழுக்க வேலை தாறன் எண்டு சொல்லியிருக்கிறான். அப்பிடி நடந்தால் நான் வீட்ட வந்து அப்பாவோட நேரில கதைப்பன். வெறுங்கையோட வரமாட்டன். அப்பாவுக்கு முன்னால வெறுங்கையோட நிக்க என்னால ஏலாது.

குட்டி மட்டை பைக்குள்ளதான் நிக்குது, பெரிய மட்டையளுக்கு நடுவில. ரெட்டோ கண்டிட்டு, "உன்ர பிள்ளையோ?" எண்டு கேட்டவன்.

வியாழக்கிழமை தொடங்குது.

கோபி


ஓல்டன்
9 மார்ச் 2014

அன்புள்ள அண்ணா,

நான் இணையத்தில் எல்லாவற்றையும் பார்த்தேன். ஆட்டத்தைக் காட்டவில்லை, மேலே தென்னைமரங்களோடு மைதானத்தின் ஒரு படம், கீழே எண்கள் மட்டும்தான். ரெட்டோவின் பெயருக்கு நேரே ஒவ்வொரு குழிக்கும் ஒரு எண்ணாக விழ விழ, நீங்கள் நடப்பது போல எனக்கு இருந்தது.

ஒன்று விளங்கவில்லை. வியாழக்கிழமை முதல் இரண்டு குழிகளிலும் முதலில் நல்ல எண்கள், அதாவது குறைந்த அடிகள், விழுந்தன. பிறகு அவை மாறிவிட்டன. ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு கூடியிருந்தது. அதற்குப் பிறகு அவர் நன்றாகத்தான் விளையாடினார். ஆனாலும் வெள்ளிக்கிழமை முடிய, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பும்போது, ஒரே ஒரு அடியால் வெளியே போய்விட்டார். இயந்திரம் பிழையாகக் கணக்குப் போட்டதா?

அப்பா எனக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"என்ன பாக்கிறாய்?"

"வீட்டுப்பாடம்."

"வீட்டுப்பாடத்தில ஏன் தென்னைமரம் நிக்குது?"

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு, "அந்தப் புல்லை இவ்வளவு கட்டையாய் வெட்டக்கூடாது. வெயிலுக்கு எரிஞ்சுபோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உங்கள் தொலைபேசி வேலை செய்யவில்லை. கட்டைவிரலாவது அனுப்புங்கள்.

பவா


சான்ட் எலியா
22 மார்ச் 2014

பவா,

யோசிக்காதை. ரெட்டோவுக்கு முதுகு வருத்தம். இந்த வருசம் ஓய்வெடுக்கப் போறான். நல்லபடியாய்க் கதைச்சுத்தான் பிரிஞ்சனாங்கள். இயந்திரம் பிழை விட்டிருக்கும், அதை விடு.

நான் கொஞ்ச நாள் இஞ்சயே நிக்கிறன். மைதானத்தில வேலை தந்திருக்கினம். போட்டிக்குக் கட்டின இருக்கையளைக் கழட்டிக்கொண்டு போட்டினம். கொடியளும் போட்டுது. அந்தக் கிழவர் மட்டும் நாயோட வாறவர்.

அம்மாவுக்குச் சொல்லு, நல்லாய்ச் சாப்பிடுறன் எண்டு. அப்பாவுக்கு ஒண்டும் சொல்லாதை.

வடை முடிஞ்சுது.

கோபி


ஓல்டன்
6 ஏப்ரல் 2014

அன்புள்ள அண்ணா,

முதலில் ஒன்று. முதுகு வருத்தம் உள்ள ரெட்டோ போன வாரம் ஸ்பெயினில் நான்கு நாளும் விளையாடியிருக்கிறார். வேறொருவர் பையைத் தூக்கினார். படம் இருந்தது.

நீங்கள் பொய் சொன்னதால் எனக்குக் கோபம் வரவில்லை. நீங்கள் ஏன் சொன்னீர்கள் என்று யோசித்தேன். பிறகு நகர நூலகத்துக்குப் போய் கோல்ஃப் விதிப்புத்தகத்தைக் கேட்டேன். நூலகர் என்னை மேலும் கீழும் பார்த்து, "உனக்கா?" என்று கேட்டார். அந்தப் புத்தகம் ஒரு சட்டப் புத்தகம் போலத்தான். ஆனால் மிக அழகான புத்தகம், அண்ணா. பாம்பு பக்கத்தில் கிடந்தால் பந்தை என்ன செய்வது என்றுகூட யோசித்து வைத்திருக்கிறார்கள். உலகத்தில் நடக்கக்கூடிய எல்லாவற்றையும் யாரோ ஒருவர் தனியாக இருந்து நினைத்துப் பார்த்தது போல.

நான்காவது விதியில் நின்றுவிட்டேன். ஒரு ஆட்டக்காரர் பதினான்கு மட்டைகளுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் அப்படி ஆடிய ஒவ்வொரு குழிக்கும் இரண்டு அடி தண்டனை. ஒரு நாள் ஆட்டத்துக்கு ஆகக்கூடியது நான்கு.

இரண்டு குழி. இரண்டிரண்டு. நான்கு அடி. ஒரு அடியால் வெளியே.

"பைக்குள்ளதான் நிக்குது, பெரிய மட்டையளுக்கு நடுவில" என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள்.

அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டை எடுக்கவில்லை. அப்பா எறியச் சொன்னதை நான்தான் அனுப்பினேன். உங்கள் வேலை போனது என்னால். நீங்கள் வீட்டுக்கு வராமல் இருப்பதும் என்னால்.

உண்மையா? தயவுசெய்து உண்மையை எழுதுங்கள்.

பவா


சான்ட் எலியா
19 ஏப்ரல் 2014

பவா,

உனக்குப் புத்தகம் குடுத்தவையைச் சொல்லவேணும்.

ஓம். உண்மைதான். ஆனால் உன்னால இல்லை, அதை நல்லாய் விளங்கிக்கொள்.

முதல் அடிக்கு முன்னால மட்டையளை எண்ணிறது பை தூக்கிறவன்ர வேலை. இந்த வேலையில எல்லாத்தையும் விட முதல் அதுதான். நான் எண்ணினனான் பவா. வியாழக்கிழமை காலமை கையை வைச்சு ஒண்டு ஒண்டாய் எண்ணினனான். பதினாலு. சரி எண்டு சொன்னன். குட்டி மட்டையிலயும் கை பட்டது. அதை எண்ணேல்லை. மறந்துபோய் விட்டதில்லை. அது எனக்கு மட்டையாய்த் தெரியேல்லை. அப்பா தந்தது, எங்கட வீட்டுச் சாமான். வீட்டுத் திறப்பு பொக்கற்றுக்குள்ள கிடந்தால் காசோட சேத்து அதையும் எண்ணுவியோ?

மூண்டாவது குழியில மற்ற ஆட்டக்காரன்ர ஆள் கண்டிட்டான். நடுவர் ஒரு குட்டி வண்டியில வந்தார். நல்ல மனிசன். எனக்காகக் கவலைப்பட்டவர் எண்டுதான் நினைக்கிறன். கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தார். அளந்தார். "குழந்தைப் பிள்ளையின்ர விளையாட்டுச் சாமான், சேர்" எண்டன். அவர் சொன்னார், "தலை இருக்கு, தண்டு இருக்கு, கைபிடி இருக்கு. மன்னிச்சுக்கொள் தம்பி, இது மட்டைதான்."

ரெட்டோ அடுத்த மட்டையைத் தானே இழுத்து எடுத்துக்கொண்டு நடந்தான். வெள்ளிக்கிழமை கார் நிப்பாட்டிற இடத்தில வைச்சுச் சொன்னான், "பயிற்சி நாளோட எடுத்து வைச்சிருப்பாய் எண்டு நினைச்சன்." அவ்வளவுதான். பையை அவனே தூக்கிக்கொண்டு போனான். நான் குட்டி மட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

இப்ப என்ன வேலை தெரியுமோ? பயிற்சித் திடலில பந்து பொறுக்கிற வண்டி ஓட்டுறன். விடியக்காலமை புல் வெட்டுறன். ஓம், மற்றவன்ர புல். நீ சிரிக்கலாம். மெசினை நிப்பாட்டினால் காது கேக்காது, கை நடுங்கிக்கொண்டே இருக்கும். அப்பா வேலையால வந்து ஏன் பேசாமல் இருக்கிறவர் எண்டு இப்பதான் விளங்குது.

ஆனபடியால்தான் வரமாட்டன். என்ன முகத்தோட வாறது? "அப்பா, நீங்கள் செய்து தந்ததாலதான் வேலை போச்சு" எண்டு சொல்லவோ?

கோபி


ஓல்டன்
18 மே 2014

அன்புள்ள அண்ணா,

நான் அப்பாவுக்குச் சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்லாதே என்றுதான் எழுதியிருந்தீர்கள். ஆனால் இந்த மேசையில் அவருக்கு எதிரே இருப்பது நீங்கள் இல்லை, நான்.

ரிவியை நிறுத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், ஆனாலும் தொடக்கம் மறந்துபோய் நடுவிலிருந்து சொன்னேன். நான் பொதி அனுப்பியது, நீங்கள் எண்ணியது, நடுவர் வண்டியில் வந்தது எல்லாம். வடையைக்கூடச் சொல்லிவிட்டேன்.

அப்பா முதலில் கேட்டது உங்களைப் பற்றி இல்லை.

"ஆர் சொன்னது, அது மட்டை எண்டு?"

"நடுவர்."

"எங்கத்தை நடுவர்?"

"தெரியாது அப்பா. உலகப் போட்டி நடுவர்."

"அளந்து பாத்தவரோ?"

"ஓம். தலை இருக்கு, தண்டு இருக்கு, கைபிடி இருக்கு, இது மட்டைதான் எண்டு சொன்னவர்."

அப்பா தன் இரண்டு கைகளையும் மேசையில் வைத்துப் பார்த்தார். "இரும்பு அரியிற வாள் கூட அண்டைக்கு என்னட்ட இல்லை" என்றார். "பக்கத்து வீட்டு இத்தாலிக்காரனிட்ட வாங்கி அரிஞ்சனான்." பிறகு எழும்பிப் பால்கனிக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை. குளிர் உள்ளே வந்தது. நானும் சாத்தவில்லை.

நெடுநேரம் கழித்து அங்கிருந்தே கேட்டார்: "இப்ப அவனுக்கு என்ன வேலை?"

சொன்னேன். புல் வெட்டுவதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. "மழை பெய்தால் அந்தப் பந்து பொறுக்கிற வண்டி சரிவில வழுக்கும். கவனமாய் ஓட்டச் சொல்லு. காதுக்கு மூடி போடச் சொல்லு. நான் போடாமல் விட்டுத்தான் இப்ப நீங்கள் கதைக்கிறது அரைவாசி கேக்கிறதில்லை."

அண்ணா, எனக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? அப்பா எங்களோடு கதைக்க விருப்பமில்லாமல் இருக்கிறார் என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

அடுத்த நாள் வேலையால் வந்ததும் ஒரு கறுப்பு நாடாச் சுருளை என் பள்ளிப் பைக்கு மேல் வைத்தார். புதியது. கடைச் சீட்டுக்கூட ஒட்டியிருந்தது.

"அந்த நாடா இப்ப தேய்ஞ்சிருக்கும்" என்றார். "கீழயிருந்து மேல சுத்தச் சொல்லு. மேலயிருந்து சுத்தினால் கழரும்."

கடிதத்தோடு அனுப்புகிறேன். இதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இதற்கு மேல் அவரால் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் இன்னும் வெறுங்கையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா?

நான் இப்போது அப்பாவின் இடது பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறேன். அந்தக் காது கொஞ்சம் பரவாயில்லையாம்.

பவா


சான்ட் எலியா
14 ஜூன் 2014

பவா,

கீழயிருந்து மேல சுத்தினனான். ரெண்டு தரம் கழட்டிச் சுத்தினன், சரியாய் வரேல்லை. மூண்டாவது தரம் வந்திட்டுது. நல்ல பிடி.

காதுக்கு மூடி போடுறன்.

அப்பான்ர காது எனக்கும் தெரியாது. அண்டைக்கு நான் கத்தினது அவருக்குக் கேட்டிருக்காது எண்டு நினைக்க ஆசையாய் இருக்கு. அது கேட்டிருக்கும். அப்பிடித்தான் கத்தினனான்.

29ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சூரிச் விமான நிலையத்தில, கிளோட்டனில வந்து இறங்கிறன். ரிக்கெற் எடுத்தாச்சு. விமானக் கந்தோரில போய், ஒரு சின்னச் சாமானைக் கையில கொண்டு வரலாமோ எண்டு கேட்டன். அந்தப் பெட்டை வாங்கிப் பாத்திட்டு, "இது கோல்ஃப் மட்டை. கையில கொண்டு போக ஏலாது, பெட்டியோட கீழதான் போடவேணும்" எண்டு சொல்லுறாள். இவளும் மட்டை எண்டுதான் சொல்லுறாள். அப்பாவுக்குச் சொல்லு.

தொழிற்பயிற்சியைத் திருப்பித் தொடங்கலாமோ எண்டு பழைய இடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறன். இன்னும் பதில் இல்லை. அதை மட்டும் சொல்லாதை.

கிளோட்டனுக்கு ஒருத்தரும் வரவேண்டாம். ஓல்டனுக்கு ரெயின் எடுக்க எனக்குத் தெரியும். முக்கியமாய் அப்பாவை வரச்சொல்லாதை. அங்க அவ்வளவு சனத்துக்கு நடுவில என்ன கதைக்கிறது எண்டு தெரியாமல் ரெண்டு பேரும் நிப்பம்.

ஸ்கொட்லாந்துக்காரர் போன கிழமை ஒரு தபாலட்டை போட்டிருந்தார். எழுதினது ஒண்டும் விளங்கேல்லை. வைச்சிருக்கிறன்.

கோபி


ஓல்டன்
29 ஜூன் 2014, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்துக்கு முத்திரை இல்லை. உங்கள் தலையணையில் வைக்கிறேன்.

அம்மாவுக்கு இன்றும் வேலை. இடியப்பம் அவித்து மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறா. உங்கள் அறையின் யன்னல் திறந்திருக்கிறது. நீங்கள் போன நாளிலிருந்து சனிக்கிழமைகளில் அப்பாதான் அதைத் திறந்து காற்று விட்டு மூடுவார். நேற்றுத் திறந்தவர் மூடவில்லை.

நீங்கள் சொன்னபடியே நான் அப்பாவிடம் கிளோட்டனுக்கு வரச்சொல்லி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "அண்ணா தானாய் ரெயினில வருவாராம்" என்று மட்டும் சொன்னேன். அவர் "ம்" என்றார்.

இன்று மத்தியானம் சாப்பிட்டதும் சீப்பெடுத்துத் தலை இழுத்தார். கோயிலுக்குப் போடுகிற நீலச் சேர்ட்டைப் போட்டார். சப்பாத்தைத் துடைத்தார். நான் புத்தகத்துக்குள் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கையப்பா போறீங்கள்?"

"சூரிச்சுக்கு."

"என்னத்துக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "லாங்ஸ்ட்ராஸவில முருங்கைக்காய் வந்திருக்காம். வாங்கிக்கொண்டு வாறன்."

அண்ணா, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. லாங்ஸ்ட்ராஸத் தெருவில் எங்கள் தமிழ்க் கடை ஒன்றும் திறந்திருக்காது. இந்த நாட்டில் என்னை விட அதிக காலம் இருக்கிற அப்பாவுக்கு அது தெரியும்.

நான் அவருடைய இடது பக்கமாகப் போய் நின்று, "நல்லதாய்ப் பாத்து வாங்குங்கோ" என்றேன்.

"ஓம்" என்றார். பை எடுக்காமல் போனார்.

இப்போது வீட்டில் நான் மட்டும்தான். மேசையில் நாலு சாப்பாட்டுக் கோப்பை வைத்துவிட்டேன். வாசலில் சத்தம் கேட்டால் எழுதுவதை நிறுத்தி... சத்தம் கேட்கிறது.

பவா